60 வரவேண்டிய இடத்தில் 12: அறிவியல் படிக்க நம் ஊர்ப் புத்தகமா, வெளிநாட்டுப் புத்தகமா?

வேலந்தாவளத்திலிருந்து டியூஷனுக்கு வரும் பிளஸ் டூ பெண் ஒருத்தி போன வருடம் ஒரு லென்ஸ் கணக்கோடு வந்து நின்றாள். குவிலென்ஸ், குவியத் தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, பிம்பம் எங்கே விழும்? விடை 60 செ.மீ. அவளுக்கு 12 வந்திருந்தது. "மூணு தடவ போட்டுப் பாத்துட்டேனுங்க சார், பன்னெண்டுதான் வருது" என்றாள். நோட்டைப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. சூத்திரத்தை அவள் அண்ணன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த தடித்த அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தாள். பிளஸ், மைனஸ் போடும் விதியைப் பள்ளிப் புத்தகத்திலிருந்து. இரண்டு புத்தகமும் சரி. இரண்டையும் ஒரே வரியில் கலந்ததுதான் வினை.

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று இந்தச் சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரத்துச் சித்தூரை அல்ல) தமிழில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கூடவே, கோயம்புத்தூர் போகும்போது "பெரிய புக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா" என்று மகள் கேட்க, கடையில் நின்று எதை வாங்குவதென்று தெரியாமல் முழிக்கும் அப்பாக்களுக்காகவும்.

முதலில், உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்?

உள்நாட்டுப் புத்தகம் மட்டம், வெளிநாட்டுப் புத்தகம் உசத்தி என்று ஒரு கட்சி. வெளிநாட்டுப் புத்தகம் வெறும் கதை, மார்க்குக்கு உதவாது என்று இன்னொரு கட்சி. இருபது வருடமாக இரண்டு வகைப் புத்தகத்தையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டது வேறு. நம் ஊர்ப் பாடநூல், வகுப்பில் ஓர் ஆசிரியர் நின்று அதை விரித்துப் பேசுவார் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. அதனால்தான் அது ஒல்லி. ஒரு பத்தியில் விதி, அடுத்த பத்தியில் சூத்திரம், இரண்டு எடுத்துக்காட்டு, பயிற்சி. நடுவில் இருக்கும் 'ஏன்' எல்லாம் ஆசிரியர் வாயில் இருக்க வேண்டியவை. அமெரிக்கக் கல்லூரிப் புத்தகமோ, மாணவர் தனியாக உட்கார்ந்து முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார் என்ற எண்ணத்தில் எழுதப்படுவது. அதனால்தான் அது 1,000 பக்கத்தைத் தாண்டுகிறது. கனமாக இருப்பதற்குக் காரணம் கடினம் அல்ல, பேச்சு.

ஆகவே நல்ல ஆசிரியர் கிடைத்திருந்தால் ஒல்லிப் புத்தகம் போதும். பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் பாதி வருடம் ஓடுகிறது, வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறீர்கள், கேட்க யாரும் இல்லை என்றால், பார்த்தவுடன் மிரள வைக்கும் அந்தக் கனமான புத்தகம்தான் உங்களுக்குச் சுலபமானது. சொன்னால் நம்ப மாட்டார்கள். நான்கு பக்கம் படித்துப் பார்த்தபின் நம்புவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹாலிடே, ரெஸ்னிக் இருவரும் எழுதி 1960இல் முதலில் வந்த இயற்பியல் புத்தகமும் சரி, அதற்கு முன்பே 1949இல் வந்த சியர்ஸ், ஜெமான்ஸ்கி புத்தகமும் சரி, அங்கே கல்லூரி முதலாண்டுக்கானவை. நம் பிளஸ் ஒன் புத்தகத்தின் பக்கத்தில் அதை வைத்து "பாருங்க, எவ்வளவு ஆழம்" என்பது நியாயமில்லாத ஒப்பீடு. பிளஸ் டூவோடு ஒப்பிட வேண்டுமென்றால் பிரிட்டனின் ஏ லெவல் புத்தகத்தை எடுங்கள். பத்தாம் வகுப்போடு என்றால் அவர்களுடைய ஜிசிஎஸ்இ புத்தகத்தை. கடையில் கையில் எடுத்ததும் முன்னுரையில் "யாருக்காக எழுதப்பட்டது" என்ற வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். நுண்கணிதம், அதாவது வகையீடு, தொகையீடு தெரிந்தவர்களுக்கு என்று இருந்தால், பிளஸ் ஒன் முதல் பருவத்தில் அது அலமாரிக்குத்தான் அழகு.

தேர்வு எதுவோ அதன் புத்தகம் முதல் புத்தகம்

இதில் வாதமே இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்து மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு மத்திய அரசு நிறுவனமான என்சிஇஆர்டியின் புத்தகமே பாடநூல். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் சேர்ந்தால் தமிழ்நாட்டுப் பாடநூல். பதினொன்றுக்கு 2018இலும் பன்னிரண்டுக்கு 2019இலும் புதிதாக எழுதப்பட்டவை. நீட் எழுதுபவர்கள் எங்கே படித்தாலும் என்சிஇஆர்டியை ஒதுக்க முடியாது. 180 கேள்வியில் 90 உயிரியல், அந்த 90ஐயும் என்சிஇஆர்டியின் வரிகளை விட்டு விலகிப் படித்துத் தேறியவர்களை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மார்க்கை வைத்து. கேரளத்தில் நுழைவுத் தேர்வு உண்டு. எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்பதைப் பத்தாம் வகுப்பு லீவிலேயே வீட்டில் பேசி முடித்துவிட்டால் புத்தகச் செலவு பாதி மிச்சம்.

என்சிஇஆர்டி புத்தகத்தைப் பழைய பிரதியாக வாங்குபவர்கள் கவனிக்க: 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று பல அத்தியாயங்களை எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் ஹைட்ரஜன், சுற்றுச்சூழல் வேதியியல்; பன்னிரண்டில் திட நிலை, பாலிமர் எல்லாம் போயின. எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்தாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையையும் பரிணாமத்தையும் எடுத்தது அதைவிட மோசம். ஆனால் நம் கருத்தைக் கேட்டா செய்கிறார்கள்? பழைய பிரதி வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புதியதில் இல்லாத இணைப்புப் பாலங்கள் அதில் இருக்கின்றன.

ஒரே பாடம், இரண்டு புத்தகம், ஒரு மணி நேரம்

இயற்பியலாளர் ஃபைன்மன் 1964இல் கலிஃபோர்னியா மாநிலத்துப் பள்ளிப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். வந்த கணக்குப் புத்தகங்களை எல்லாம் உட்கார்ந்து படித்த ஆள் அவர். மூன்று புத்தகங்கள் கொண்ட ஒரு வரிசையில் மூன்றாவது அச்சாகி முடியாததால், பதிப்பகம் அட்டையை மட்டும் போட்டு உள்ளே வெற்றுத் தாளைக் கட்டி அனுப்பியிருந்தது. அந்த வெற்றுப் புத்தகத்துக்கும் குழுவில் சிலர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதுவும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ஒரு புத்தகத்தில் நட்சத்திரங்களின் வெப்பநிலைகளைக் கூட்டி மொத்தம் சொல்லச் சொல்லிக் கணக்கு வேறு. வெப்பநிலையைக் கூட்டி என்ன செய்வது? இந்தக் கதையை நான் ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்கிறேன். அவர் சொன்னது, இவர் சொன்னது, யூடியூபில் 'டாப் டென்' என்று வந்தது, இதெல்லாம் அட்டையைப் பார்த்து மார்க் போடுவதுதான்.

நீங்களே பாருங்கள். அரைகுறையாகத் தெரிந்த பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தெரிந்ததும் வேண்டாம், தெரியாததும் வேண்டாம். நான் உராய்வை எடுக்கச் சொல்வேன். இரண்டு புத்தகத்திலும் அந்தப் பகுதியைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

விதி வருவதற்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி வருகிறதா, விதிக்குப் பின்னால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். "நிலை உராய்வு, இயக்க உராய்வைவிடக் கூடுதல்" என்று எழுதிவிட்டு நகரும் புத்தகம் ஒரு வகை. பீரோவைத் தள்ளும்போது நகரத் தொடங்குவதுதான் கஷ்டம், நகர்ந்தபின் சுலபம், அது ஏன் என்று தொடங்குவது இன்னொரு வகை. அடுத்து, தீர்த்த கணக்கில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எத்தனை படி தாவுகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு படிக்கு மேல் தாவினால் அது ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய புத்தகம். பிறகு படம். விசைகளைத் தனித்தனி அம்புக்குறியாகக் காட்டுகிறதா, இல்லை கட்டையையும் கப்பியையும் அழகாக வரைந்துவிட்டுச் சும்மா இருக்கிறதா? கடைசியாகப் பயிற்சி: எண் மாறி எண் வருகிறதா, யோசனை மாறி யோசனை வருகிறதா?

இந்தச் சோதனையில் வெளிநாட்டுப் புத்தகம் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைக்காதீர்கள். கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த ஹெச்.சி. வர்மாவின் இரண்டு தொகுதிகள் 1992லிருந்து நம்மிடம் இருக்கின்றன. விளக்கம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பின்னும் எண்ணே இல்லாத குறுங்கேள்விகள் வரும், அவற்றுக்குப் பதில் தேடுவதற்குள் பாடம் புரிந்துவிடும். கணக்குகளில் ஆளும் ஊரும் நமக்குத் தெரிந்தவை. அமெரிக்கப் புத்தகத்தில் பேஸ்பால் வீசுவார்கள், ஹாக்கி வட்டு பனியில் சறுக்கும். பேஸ்பாலையே பார்த்திராத பிள்ளை இயற்பியலை விட்டுவிட்டுப் பேஸ்பாலை யோசித்துக்கொண்டிருக்கும். நான் அதை அப்படியே மாற்றிவிடுவேன்: 20 மீட்டர் தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் தரைக்கு வர 2 விநாடி. வந்து சேரும்போது விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். தோப்பில் மரத்தடியில் ஏன் உட்காரக் கூடாது என்று பாட்டி சொன்னதற்கு எண் கிடைத்துவிட்டது. பேஸ்பாலைத் தேங்காயாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் எந்த ஊர்ப் புத்தகமும் படிக்கலாம்.

குறி நோட்டு ஒன்று போடுங்கள்

இரண்டு புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் முதல் நாளே ஒரு சின்ன நோட்டு வாங்கி, "இந்தப் புத்தகத்தில் இப்படி, அந்தப் புத்தகத்தில் அப்படி" என்று எழுதத் தொடங்க வேண்டும். நான் அதிகம் பார்த்த வழுக்கல்கள் இவை.

லென்ஸ்தான் முதலிடம். நம் புத்தகங்கள், என்சிஇஆர்டி ஆனாலும் தமிழ்நாடு ஆனாலும், கார்ட்டீசியன் குறியீட்டு மரபில் போகின்றன: ஒளி போகும் திசையில் அளந்தால் பிளஸ், எதிர்த் திசையில் மைனஸ். எனவே லென்ஸுக்கு முன்னால் இருக்கும் பொருளின் தூரம் மைனஸ் 30. சூத்திரம் 1/பிம்பத் தூரம் − 1/பொருள் தூரம் = 1/குவியத் தூரம். போட்டால் 1/20 − 1/30 = 1/60. பிம்பம் 60இல். அமெரிக்கப் புத்தகங்களில் மெய்யானது எல்லாம் பிளஸ். பொருள் தூரம் பிளஸ் 30, சூத்திரத்தில் நடுவில் கழித்தல் அல்ல, கூட்டல். அங்கும் 60தான். நம் வேலந்தாவளத்துப் பெண் மைனஸ் 30ஐக் கொண்டுபோய் அமெரிக்கக் கூட்டல் சூத்திரத்தில் போட்டாள். 1/20 + 1/30 = 5/60. பன்னிரண்டு. குழியாடி, குவியாடிக்கு நம் சூத்திரத்திலும் கூட்டல்தான் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. ஒரு அத்தியாயத்துக்கு ஒரே மரபு, அவ்வளவுதான். தேர்வு நம் ஊரில் என்றால் நம் மரபு.

வெப்ப இயக்கவியலின் முதல் விதியில் சண்டை நாடுகளுக்கிடையே அல்ல, பாடங்களுக்கிடையே. ஒரு வாயுவுக்கு 100 ஜூல் வெப்பம் கொடுக்கிறோம், அது விரிந்து 40 ஜூல் வேலை செய்கிறது. அக ஆற்றல் 60 கூடுகிறது. என்சிஇஆர்டி இயற்பியலில் வேலை என்றால் வாயு செய்த வேலை, பிளஸ் 40. அதே என்சிஇஆர்டியின் வேதியியலில் வேலை என்றால் வாயுவின் மேல் செய்யப்பட்ட வேலை, இங்கே மைனஸ் 40. இயற்பியல் வாத்தியார் சொன்ன பிளஸ் 40ஐ வேதியியல் சூத்திரத்தில் கூட்டி 140 என்று எழுதியவர்கள் ஏராளம். அப்போது திட்டு வாங்குவது வெளிநாட்டுப் புத்தகம், பாவம்.

மோல் கணக்கில் 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா? திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டல அழுத்தம் என்று வைத்தால் 22.4. உலக வேதியியல் அமைப்பான ஐயுபிஏசி 1982இல் அதை 1 பார் என்று மாற்றியது, அப்போது 22.7. என்சிஇஆர்டி புதியதைப் பின்பற்றுகிறது. பழைய புத்தகங்களும் கைடுகளும் இன்னும் 22.4இல்தான் வாழ்கின்றன. கேள்வியில் என்ன அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மின்சாரத்தில் அமெரிக்க வீட்டுக்கு 120 வோல்ட், நமக்கு 230. அதே 60 வாட் பல்புக்கு அங்கே மின்தடை 240 ஓம், இங்கே ஏறத்தாழ 882. விடை மாறுவது கணக்கு தப்பானதால் அல்ல. பிரிட்டிஷ் புத்தகத்தில் மின்தடையை நெளிவாக வரையாமல் சின்னச் செவ்வகமாகப் போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கலாம். அமெரிக்கப் புத்தகங்களில் இன்னும் அடி, பவுண்டு, மைல் எட்டிப் பார்க்கும். அந்தப் பயிற்சிகளைத் தாண்டிவிடலாம், நஷ்டமில்லை.

சொல்லில் இருக்கும் எல்லைக்கோடு

இந்தப் பகுதிதான் நம் எல்லைப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி. வகுப்பில் மலையாளத்தில் விளக்குவார்கள், நாம் படித்தது தமிழ், புத்தகம் ஆங்கிலம். மலையாளத்தில் 'பலம்' என்றால் நம் விசை. 'ஊர்ஜம்' என்றால் ஆற்றல். 'த்வரணம்' முடுக்கம், 'பிரவேகம்' திசைவேகம், 'கர்ஷணம்' உராய்வு. 'ஆக்கம்' என்று கேட்டதும் நாம் படைப்பு என்று நினைப்போம். அவர்களுக்கு அது உந்தம். 'பாரம்' நமக்குச் சுமை. அவர்கள் இயற்பியலில் எடை.

தமிழுக்குள்ளேயே வெளிநாட்டுப் புத்தகம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலங்கை அரசு தமிழ் வழியில் வெளியிடும் அறிவியல் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். தமிழிலேயே யோசிக்கும் பிள்ளைக்கு நல்ல துணை. ஆனால் அங்கே நிறை என்றால் எடை! நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்கிறார்கள். நம் வேகம் அவர்களுக்குக் கதி. நம் திசைவேகம் அவர்களுக்கு வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல், திறன் அங்கே வலு, ஆற்றல் அங்கே சக்தி. தனிமத்தை மூலகம் என்பார்கள். மலையாளத்திலும் மூலகம்தான், அது மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆர்முடுகல் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். முடுகுவது காதிலேயே கேட்கிறது.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, தமிழ்நாட்டுப் பாடநூலை இரண்டு வழியிலும் இறக்கிக்கொள்வது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இலவச பிடிஎஃப். ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. தமிழ்ப் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் படித்தால் அகராதி தேடும் வேலை மிச்சம். கேரளத்தில் படித்தாலும் இதைச் செய்யுங்கள். ஒரு மாதம் இப்படிப் போனால், அதன்பின் என்சிஇஆர்டி ஆங்கிலம் தடுமாறாது. மூன்று மாதம் போனால் அமெரிக்கப் புத்தகமும் வழிக்கு வரும். அமெரிக்கப் புத்தகங்களின் ஆங்கிலம் உண்மையில் நம் புத்தக ஆங்கிலத்தைவிட எளிது. வாக்கியம் சின்னது, பேசுகிற மாதிரி இருக்கும்.

வேதியியல், உயிரியல்

கரிம வேதியியலில் நம் புத்தகங்கள் வினைகளைப் பெயர் சொல்லி அடுக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டு விடாமல் கேட்கும். மனப்பாடம் திகட்டியவர்கள் பின்னதை ஓரிரு அத்தியாயம் படித்துவிட்டு முன்னதற்குத் திரும்பினால் பெயர்கள் தானாக நிற்கும். ஒரு பிளஸ் டூ மாணவர் அந்தத் தடித்த புத்தகத்தை முழுதும் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

உயிரியலில் வெளிநாட்டுப் புத்தகம் ஆசைக்குத்தான். படங்கள் பிரமாதமாக இருக்கும். ஆனால் விட்டேக்கர் 1969இல் சொன்ன ஐந்துலக வகைப்பாட்டை என்சிஇஆர்டி நடத்திக்கொண்டிருக்க, அந்தப் புத்தகங்கள் 1990க்குப் பிறகு வந்த மூன்று பெரும்பிரிவுகளோடு தொடங்கும். எது புதிது என்று எனக்கும் தெரியும். எதற்கு மார்க் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாங்கும்போது

புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிக்க அச்சான வருடத்தைப் பார்க்க வேண்டாம், மறுஅச்சு அதில் பொய் சொல்லும். அலகுகள் அத்தியாயத்தைத் திறங்கள். கிலோகிராம் என்பது பாரிஸ் பக்கத்தில் வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை என்று இருந்தால் அது 2019 மே மாதத்துக்கு முந்திய பாடம். அதன்பின் கிலோகிராமை பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். தனிம வரிசை அட்டவணையில் 113, 115, 117, 118 ஆகிய கட்டங்களில் முறையான பெயர் இல்லாவிட்டால் 2016 நவம்பருக்கு முந்தியது. இயக்கவியலுக்கும் ஒளியியலுக்கும் பழைய பதிப்பே தாராளம், சாய்தளம் மாறவில்லை. உயிரியலுக்குப் பழையது வேண்டாம்.

என்சிஇஆர்டி தொகுதி ஒன்று 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும், பிடிஎஃப் இலவசம். அமெரிக்கப் புத்தகங்களின் இந்தியப் பதிப்பு ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். அங்கே அதே புத்தகம் 100 டாலருக்கு மேல். தாள் மெலிது, பல சமயம் கறுப்பு வெள்ளை, அட்டையில் "இந்தத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த விலை வித்தியாசத்தை வைத்து, ஆசியாவில் விற்ற பதிப்புகளை அமெரிக்காவில் மறுவிற்பனை செய்த தாய்லாந்து மாணவர் ஒருவர் மேல் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டு, 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மாணவரே ஜெயித்தார். இந்தியப் பதிப்பை வாங்கும்போது 'அடாப்டட்' என்று இருந்தால் இன்னும் நல்லது. நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அத்தியாயங்களைத் திருத்தியிருப்பார்கள்.

வாங்காமலே முடியுமா என்றால் முடியும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இயற்பியல், வேதியியல், உயிரியல் புத்தகங்களை முழுதாக இலவசமாகத் தருகிறது, சட்டப்படி. திருட்டு பிடிஎஃப் தேடி வைரஸ் வாங்குவதற்கு இது மேல். இந்தியப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட முதலில் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். பிடிக்காவிட்டால் காசு நஷ்டமில்லை. ஃபைன்மனின் விரிவுரைகளையும் கால்டெக் நிறுவனம் இணையத்தில் படிக்க விட்டிருக்கிறது. ஆனால் அது முதல் புத்தகம் அல்ல. அந்த விரிவுரைகளைக் கேட்ட மாணவர்களுக்குத் தன்னால் பெரிதாக உதவ முடிந்ததாகத் தோன்றவில்லை என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

கேரளத்தில் இருப்பதன் பெரிய லாபம் கிராமத்து நூலகங்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கத்தின் புண்ணியத்தில் பஞ்சாயத்துக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். அங்கே கதைப் புத்தகம்தான் கிடைக்கும் என்று ஒதுங்காதீர்கள். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்து வாங்கி வைக்கச் சொல்லலாம். எங்கள் தலைமுறைக்கு சோவியத் புத்தகம் இருந்தது. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அச்சிட்டு, தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரியும் கேரளத்தில் பிரபாத்தும் விற்றவை. கெட்டி அட்டை, டீ செலவுக்கு ஆகிற விலை. பெரல்மானின் பொழுதுபோக்குப் பௌதிகம் தமிழிலேயே வந்தது. அதைத்தான் நான் முதன்முதலில் விரும்பிப் படித்தேன், வெளிநாட்டுப் புத்தகம் என்று தோன்றவே இல்லை. 1991க்குப் பிறகு அந்தக் கடை மூடியது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கடையில் இரோதோவ் என்ற ரஷ்யரின் கடினமான இயற்பியல் கணக்குத் தொகுப்பும் கண்ணில் படும். அதை மட்டும் பிளஸ் டூ பாதி தாண்டியபின் தொடுங்கள். தைரியம் காட்டப் போய் இயற்பியலையே விட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

இரண்டையும் ஓட்டும் விதம்

ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வாரம் என்று வையுங்கள். முதலில் என்சிஇஆர்டியை ஒரே மூச்சில், புரிந்தாலும் புரியாவிட்டாலும் படித்து முடியுங்கள். எங்கே தடுக்கியது என்று பென்சிலில் ஒரு கோடு. அந்தக் கோடு போட்ட இடங்களை மட்டும் வெளிநாட்டுப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். தீர்த்த கணக்குகளை விடையை மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள். அத்தியாயக் கடைசியில் இருக்கும் நூறு கணக்கையும் போட வேண்டாம். ஹாலிடே புத்தகத்தில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குப் பின்னால் விடை உண்டு, அவற்றில் பத்து போதும். பிறகு நம் புத்தகத்துக்குத் திரும்பி, அதன் பயிற்சியை ஒன்று விடாமல். இந்தப் போக்குவரத்தில் ஏதாவது ஒரு பக்கம் போய்த் திரும்பாமல் இருந்துவிடுவதுதான் நடக்கும் தவறு. வெளிநாட்டுப் புத்தகத்தின் சுவையில் மயங்கி மார்ச் மாதம் பாதிப் பாடத்தோடு நிற்பவர்கள் உண்டு.

'வெளிநாட்டுப் புத்தகம் நமக்கெதற்கு' என்று முறைக்கும் தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் காலத்தில் எல்லோரும் போட்ட லோனியின் முக்கோணவியல் 1893இல் ஓர் ஆங்கிலேயர் எழுதியது. கும்பகோணத்தில் ராமானுஜன் பள்ளிப் பையனாக இருந்தபோது கரைத்துக் குடித்ததும் அதைத்தான். என்சிஇஆர்டி இயற்பியல் புத்தகத்தின் கடைசியில் மேலும் படிக்க என்று கொடுத்திருக்கும் பட்டியலைப் பாருங்கள். நிறைய வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கும்.

கடைசியாக, வருடா வருடம் நம் பிள்ளைகள் கோட்டை விடும் ஒன்று. நீட் தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டுத் தேர்வு மையங்களோடு கட்டியது. பாலக்காட்டு மையத்தைத் தேர்ந்தால் கிடைக்கும் வட்டார மொழி மலையாளம். தமிழில்தான் எழுதுவேன் என்றால் விண்ணப்பத்திலேயே வாளையாருக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர் மாதிரி மையத்தைப் போட வேண்டும். விண்ணப்பிக்குமுன் அந்த வருடத்துத் தகவல் கையேட்டில் மொழி அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. ஆகவே குறி நோட்டின் பின்பக்கத்தில் முடுக்கம், உந்தம், திறன் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை இன்றிலிருந்தே எழுதி வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும்.